உடற்பயிற்சிக்கும் அளவு எழுத வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மூட்டுவலி, முதுகுவலி பற்றி எந்தப் பத்திரிகையில் கட்டுரை வந்தாலும் கடைசிப் பத்தியில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: 'தகுந்த உடற்பயிற்சி செய்து வர வேண்டும்.' மாத்திரை என்றால் எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, உணவுக்கு முன்பா பின்பா என்றெல்லாம் எழுதுகிறோம். உடற்பயிற்சி என்று வந்ததும் அந்தத் 'தகுந்த' என்ற சொல்லோடு முடித்துவிடுகிறோம். எதைச் செய்வது, எத்தனை முறை, எவ்வளவு எடை, வலித்தால் என்ன செய்வது, எப்போது கூட்டுவது என எதுவும் தெரியாமல் தொடங்குகிறவர்கள் பத்து நாளில் விட்டுவிடுகிறார்கள். பழி அவர்கள் சோம்பல்மீது விழுகிறது. அளவு எழுதாத மருந்துச் சீட்டை யாரும் ஏற்க மாட்டார்கள். நாள்பட்ட மூட்டு, தசை, எலும்பு நோய்களில் உடற்பயிற்சி துணை மருத்துவம் அல்ல, முதல் வரிசை மருத்துவம். அதையும் அளவோடுதான் சொல்ல வேண்டும் என்பதற்காகவே பிசியோதெரபி துறையில் இருக்கும் நாங்கள் இதை எழுதுகிறோம்.

ஓய்விலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் வீட்டில் கிடைக்கும் முதல் அறிவுரை அதுதான். மூட்டின் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அது ஊட்டம் எடுக்கிறது. பாரம் விழும்போது அழுந்தி, பாரம் நீங்கும்போது திரவத்தை உறிஞ்சுகிறது, நனைந்த பஞ்சைப் பிழிந்து விடுவதுபோல. அசையாமல் வைத்தால் அந்தப் போக்குவரத்தே நின்றுபோகிறது. தசை அதைவிட வேகமாக மெலிகிறது. போதாதற்கு, முழங்காலுக்குள் 20 முதல் 30 மில்லிலிட்டர் நீர் கோத்தாலே போதும், தொடையின் உட்பக்க முன்தசைக்கு நரம்பு அனுப்பும் கட்டளை பலவீனமாகிவிடுகிறது. 'கால் திடீரென்று விட்டுவிடுகிறது' என்று நோயாளிகள் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மூட்டு உடையவில்லை, அதைத் தாங்க வேண்டிய தசை வேலைக்கு வரவில்லை. அந்தத் தசையைத் திரும்ப எழுப்புவது ஓய்வால் ஆகிற காரியம் இல்லை.

ஓய்வு என்ற பெயரில் நடக்கும் ஒரு தவறைத் தனியாகச் சொல்ல வேண்டும். முழங்கால் வலிக்கிறவர் இரவில் காலுக்கு அடியில் தலையணை வைத்து, முழங்காலை லேசாக மடக்கிப் படுத்துக்கொள்வார். உடனே சுகமாக இருக்கும், ஏனென்றால் லேசாக மடங்கிய நிலையில்தான் மூட்டுக்குள் அழுத்தம் மிகக் குறைவு. ஆனால் இரவெல்லாம் அப்படிக் கிடந்தால், மாதக்கணக்கில் மூட்டின் பின்பக்கத் திசுக்கள் சுருங்கிக் கடைசிச் சில டிகிரி நீளாமலே போய்விடும். முழுதாக நீண்ட முழங்கால் நிற்கும்போது தானாகப் பூட்டிக்கொள்ளும், தசைக்கு அதிக வேலை இருக்காது. நீளாத முழங்காலில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் தொடைத் தசை இழுத்துப் பிடித்தபடியே இருக்க வேண்டும். அரை மணி நேரம் நின்றால் கால் கடுப்பது அதனால்தான். தலையணையை எடுத்துவிடுங்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் முழங்காலுக்கு அடியில் வேண்டாம், தொடையிலிருந்து குதிகால்வரை முழுக் காலையும் தாங்கும்படி வையுங்கள்.

முழங்கால் தேய்மானத்துக்கு முதல் பயிற்சி படுத்தபடியே செய்வது. முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, துண்டை நசுக்குவதுபோல் கீழ்நோக்கி அழுத்தி 5 விநாடி பிடிக்க வேண்டும். 10 முறை, காலை மாலை இரு வேளை. சரியாகச் செய்கிறோமா என்று தெரிய ஒரு விரலை முட்டிச்சில்லின் மேல்விளிம்பில் வைத்துப் பாருங்கள்: சில்லு தொடையை நோக்கி மேலே நகர வேண்டும். நகராமல் இடுப்பு மட்டும் இறுகினால், வேலை செய்வது பிட்டத் தசை. மூச்சைப் பிடித்துக்கொள்வதும் தவறு. வாய்விட்டு ஐந்துவரை எண்ணினால் மூச்சு தானாக ஓடும்.

அடுத்தது நீட்டிய காலைத் தூக்குவது. இதில்தான் அதிகம் பிழை நடக்கிறது. மற்ற காலை மடித்து வைத்துக்கொண்டு, முதலில் முழங்காலை இறுக்கிப் பூட்டி, அதற்குப் பிறகே குதிகாலைத் தூக்க வேண்டும். சுமார் 30 சென்டிமீட்டர் போதும். குதிகால் எழும்போதே முழங்கால் லேசாக மடங்குகிறது என்றால் தசை இன்னும் தயாராக இல்லை. மேலும் தூக்கிப் பயன் இல்லை, அப்போது வேலை முழுக்க இடுப்பை மடக்கும் தசைக்குப் போய்விடும், முதுகும் வலிக்கும். முழங்காலுக்கு அடியில் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு உருளைத் தலையணை வைத்து, குதிகாலை மட்டும் தூக்கி முழங்காலை நீட்டும் பயிற்சிக்குச் சில வாரம் திரும்ப வேண்டும். (பயிற்சி நேரத்தில் மட்டும்தான் இந்தத் தலையணை. படுக்கையிலிருந்து அதை விரட்டிய பிறகு திரும்ப அழைக்கவில்லை.)

இவை தசையை எழுப்பும் பயிற்சிகள். பலம் சேர்ப்பது நாற்காலிப் பயிற்சி. சுமார் 45 சென்டிமீட்டர் உயரமுள்ள, வழுக்காத நாற்காலியின் முன்பாதியில் உட்கார்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றே பின்னால் இழுத்து, மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து எழ வேண்டும். உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். கடைசி ஒரு சாண் தூரத்தில் பொத்தென்று விழுந்து உட்காருவதுதான் பெரும்பாலோர் செய்வது. அந்த ஒரு சாணில்தான் பயிற்சியின் பாதிப் பயன் இருக்கிறது. முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாய்ந்தால் இடுப்பின் பக்கவாட்டுத் தசை பலவீனம் என்று பொருள், அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். எழ முடியாதவர்கள் கைப்பிடியை ஊன்றுவதற்குப் பதில் முதலில் இருக்கையை உயர்த்த வேண்டும். கெட்டியான ஒரு குஷனைப் போட்டாலே வித்தியாசம் தெரியும். இன்னொரு நுணுக்கம்: வலிக்கும் காலை ஏமாற்றி நல்ல கால்மீது பாரத்தைப் போட்டு எழுவது உடம்பின் இயல்பு. நல்ல காலின் பாதத்தை அரையடி முன்னால் தள்ளி வைத்தால் வலிக்கும் கால் தன் பங்கைச் செய்தே தீரும்.

இப்போது அளவு. பலம் கூட்ட வேண்டுமானால் ஒரு சுற்றுக்கு 8 முதல் 12 முறை, இரண்டு அல்லது மூன்று சுற்று, வாரத்தில் இரண்டு மூன்று நாள், நடுவில் 48 மணி நேரம் இடைவெளி. கடைசி இரண்டு முறை உண்மையிலேயே கடினமாக இருக்க வேண்டும். முப்பது முறை பேசிக்கொண்டே செய்ய முடிகிற பயிற்சி மூட்டை இளக்கும், தசைக்குப் பலம் தராது. 'ஆறு மாதமாகச் செய்கிறேன், பயனில்லை' என்பவர்களில் பலர் முதல் நாள் காலில் கட்டித் தொடங்கிய அதே அரைக் கிலோ எடையில்தான் நிற்கிறார்கள். அடுத்தடுத்த இரண்டு நாள் பயிற்சியில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் இரண்டு முறை கூடுதலாகச் செய்ய முடிந்தால், எடையை 2 முதல் 10 சதவீதம் உயர்த்தலாம். முதல் சில வாரங்களில் தெரியும் முன்னேற்றம் பெரும்பாலும் நரம்பு தசையை நன்றாக ஏவக் கற்றுக்கொண்டதன் பலன். தசை தடிக்க இன்னும் வாரங்கள் ஆகும். ஆகவே 12 வாரத்துக்கு முன் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

உடல் எடை கூடியிருந்தால் அதையும் சேர்த்தே குறைக்க வேண்டும். குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும், நடக்கையில் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால்மீது விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது.

நோயாளிகள் முதலில் கேட்கும் கேள்விக்கு வருகிறோம்: 'வலித்தால் நிறுத்திவிடட்டுமா?' இதற்குப் பதில் இல்லாமல் விடுவதால்தான் பயிற்சி நின்றுபோகிறது. வலியே இல்லாததை 0 என்றும், தாங்கவே முடியாததை 10 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது 2 வரை கவலையே வேண்டாம். 5 வரை ஏற்கலாம். 5-ஐத் தாண்டினால் அன்றைக்கு அந்தப் பயிற்சியைக் குறைக்க வேண்டும். அதைவிட முக்கியமானது மறுநாள் காலை: கூடிய வலி 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டதா, புதிதாக வீக்கம் இருக்கிறதா? இறங்கிவிட்டால் அதே அளவைத் தொடரலாம். இறங்கவில்லை என்றால் எண்ணிக்கையையோ எடையையோ பாதியாக்குங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றவும் வேண்டாம், எது தொந்தரவு செய்தது என்று தெரியாமல் போகும். டென்மார்க்கில் 2013-இல் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கும் 'கிளாட்' என்ற முழங்கால், இடுப்புப் பயிற்சித் திட்டமும் இப்படி வலியை அளந்து முன்னேறும் வழியைத்தான் பின்பற்றுகிறது. தசையின் நடுப்பகுதியில் இரு பக்கமும் ஒன்றுபோல் வந்து இரண்டு நாளில் போகும் கடுப்பு புதுப் பயிற்சியின் அடையாளம். மூட்டுக்கோட்டில் ஒரு புள்ளியில் சுரீரென்று குத்துவது வேறு. இரண்டையும் பிரித்துச் சொல்லிக் கொடுத்தாலே பாதிப் பயம் போய்விடும். வலியில்லாமல் மூட்டில் கேட்கும் 'கடகட' சத்தத்துக்கும் பயப்பட வேண்டியதில்லை.

இந்த எண் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. உடம்பெங்கும் நாள்பட்ட வலியும் அசதியும் தரும் ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களுக்கு வலி, அன்றைய உழைப்பின் அளவைச் சரியாகக் காட்டாது. நல்ல நாளில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவதுதான் அவர்களைச் சுழற்றும் சுழல். அவர்கள் நேரத்தை வைத்து அளக்க வேண்டும். மூன்று நாள் நடந்து, வலியோ அசதியோ கூடத் தொடங்கும் நேரத்தைக் குறியுங்கள். 14, 18, 10 நிமிடம் என்று வந்தால் சராசரி 14. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து 11 நிமிடத்தில் தொடங்கி, நல்ல நாளிலும் 11, மோசமான நாளிலும் முடிந்தவரை 11. வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டினால் போதும். இந்த நோய்க்கான ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பின் 2016-ஆம் ஆண்டுப் பரிந்துரைகளில், மருந்துகள் உட்பட எல்லாவற்றிலும் 'வலுவான பரிந்துரை' என்ற தகுதி பெற்றது உடற்பயிற்சி ஒன்றுதான்.

முடக்குவாதத்தில் மூட்டு சிவந்து, சூடாக வீங்கியிருக்கும் நாட்களில் எடையும் இல்லை, இழுத்து நீட்டுவதும் இல்லை. ஒவ்வொரு மூட்டையும் அதன் முழு வீச்சுக்கு மெதுவாக இரண்டு மூன்று முறை அசைத்தால் போதும். ஆனால் மருந்தால் நோய் கட்டுக்குள் வந்த பிறகும் அதே அளவிலேயே வைத்திருப்பது தவறு. நெதர்லாந்தில் முடக்குவாத நோயாளிகளுக்கு வாரம் இரு முறை, 75 நிமிடம், இரண்டு ஆண்டுகள் கடுமையான பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2003-இல் வெளியானது. இயங்கும் திறன் கூடியது, பொதுவாக மூட்டுச் சிதைவு கூடவில்லை. பெரிய மூட்டுகள் முன்பே அதிகம் சிதைந்திருந்தவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை தேவைப்பட்டது. கழுத்து விஷயம் தனி. முடக்குவாதத்தில் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான கட்டு தளர்ந்திருக்கக்கூடும். யாரும் கழுத்தைத் திருகி 'சொடக்கு' எடுக்க அனுமதிக்கவே கூடாது.

முதுகெலும்பு மூட்டுகள் அழற்சியால் மெல்ல இறுகும் அங்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் நேர் எதிர். ஓய்வில் இறுகும், அசைவில் இளகும். தினமும் 15 முதல் 20 நிமிடம் குப்புறப் படுப்பதும், நெஞ்சு விரியும்படி ஆழ்ந்து மூச்சிழுப்பதும் மாத்திரை போலத் தவறாமல் நடக்க வேண்டும். மாதம் ஒருமுறை குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நின்று, பின்மண்டைக்கும் சுவருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதி வையுங்கள். அந்த எண் கூடிக்கொண்டே போனால் மருத்துவரிடம் காட்டுங்கள். முதுகெலும்பு இணைந்துவிட்டவர்களுக்குச் சிறு சறுக்கலிலும் எலும்பு முறியலாம். விழுந்த பிறகு வரும் புது வலியைப் பழைய வலி என்று ஒதுக்கக் கூடாது.

எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் குனிந்து கால்விரலைத் தொடுவதையும், படுத்த நிலையிலிருந்து வயிற்றை மடக்கி எழும் பயிற்சியையும் கைவிட வேண்டும். 1984-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், முன்னால் குனியும் பயிற்சி மட்டும் செய்த பெண்களில் 89 சதவீதத்தினருக்குப் பிற்பாடு முதுகெலும்பு நசுங்கல் தெரிந்தது. பின்னால் நிமிரும் பயிற்சி செய்தவர்களில் அது 16 சதவீதம். 59 பேர் மட்டுமே இருந்த சிறிய ஆய்வுதான், ஆனாலும் வேறுபாடு அலட்சியம் செய்யக்கூடியதல்ல. நடை மட்டும் எலும்பை உறுதியாக்கப் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். எடை தூக்கும் பயிற்சியும், விழாமல் காக்கும் சமநிலைப் பயிற்சியும் சேர வேண்டும்.

குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் வலிக்கு, படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சி 1998-இல் ஸ்வீடனிலிருந்து வந்தது. முழங்கால் நீட்டியபடி 15 முறை மூன்று சுற்று, மடக்கியபடி மூன்று சுற்று, தினம் இரு வேளை, 12 வாரம். ஒரு நாளைக்கு 180 முறை! வலி குதிகால் எலும்போடு ஒட்டும் இடத்திலேயே இருந்தால் படிக்குக் கீழே இறக்கக் கூடாது, சமதளத்திலேயே நிறுத்த வேண்டும். கீழே இறக்கினால் நாண் எலும்பில் அழுந்தி வலி கூடும். ஒரே நோய்ப் பெயர், ஒரே பயிற்சி, ஆனால் சில சென்டிமீட்டரில் மருந்து நஞ்சாகிறது.

முதுகுவலியில் அதிகம் கெடுப்பது பயம். ஸ்கேன் அறிக்கையில் 'டிஸ்க் தேய்மானம்' என்ற சொல்லைப் பார்த்ததும் குனியவே அஞ்சுகிறவர்கள் பலர். முதுகுவலியே இல்லாதவர்களைப் படமெடுத்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியிட்டார்கள். 20 வயதினரில் 37 சதவீதம், 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. நரையைப் போல வயதோடு வருவது அது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட முதுகுவலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதல் பயிற்சியையும் நோய் பற்றிய விளக்கத்தையும் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பெல்ட், இழுவை சிகிச்சை, அல்ட்ராசவுண்ட் ஒலியலை சிகிச்சை, டென்ஸ் மின்சிகிச்சை ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. எங்கள் துறையே இதைக் கேட்டு மாற வேண்டும். அரை மணி நேரம் கருவியோடு படுக்க வைத்துவிட்டு, கிளம்பும்போது பயிற்சித் தாளை நீட்டுவது சிகிச்சை ஆகாது. நேரம் தலைகீழாக மாற வேண்டும்.

சூட்டு ஒத்தடத்துக்கு ஓர் இடம் உண்டு: பயிற்சிக்கு முன் 15, 20 நிமிடம் கொடுத்தால் இறுக்கம் தளர்ந்து அசைப்பது சுலபமாகும். கை மூட்டுகளுக்கான மெழுகுக் குளியல் (உருக்கிய மெழுகில் கையை முக்கி எடுப்பது) 52 முதல் 54 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். நீரிழிவால் உணர்ச்சி மரத்தவர்களுக்குச் சூடு வைக்கும் முன், அந்த இடத்தில் சூடும் குளிர்ச்சியும் பிரித்துத் தெரிகிறதா என்று சோதித்தே ஆக வேண்டும். கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும் என்ற நிலை அவர்களுடையது.

நிலத்தில் நிற்கவே வலிக்கிறவர்களுக்கு நீர் நல்ல தொடக்கம். இடுப்பளவு நீரில் உடல் எடையில் ஏறக்குறைய பாதிதான் கால்மீது இறங்கும், மார்பளவில் மூன்றில் ஒரு பங்கு, கழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு. 33 முதல் 36 டிகிரி வெதுவெதுப்பில் முதல் நாள் 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நீருக்குள் சோர்வு தெரியாது, வெளியே வந்த பிறகுதான் கால் துவளும்.

எந்தப் பயிற்சிக்கும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரங்களைப் பெட்டிச் செய்தியாகவே போடலாம்: காய்ச்சலோடு ஒரே மூட்டு சூடாக வீங்குவது, காரணமின்றி எடை குறைவது, எப்படிப் படுத்தாலும் விடாத இரவு வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் எலும்புவலி, பாதம் தூக்க முடியாமல் தொங்குவது. முதுகுவலியோடு தொடைகளின் உட்பகுதி மரத்து, சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போனால் அன்றே, அந்த மணியே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடைசியாகக் கைத்தடி. வலிக்கும் காலின் பக்கமே பிடிக்கத் தோன்றும், ஆனால் எதிர்ப்புறக் கையில்தான் பிடிக்க வேண்டும். வலிக்கும் காலில் நிற்கும் நொடியில் உடம்பு மறுபக்கம் சாயாமல் இருக்க இடுப்பின் பக்கத் தசை பலமாக இழுக்கிறது. அந்த இழுப்பே மூட்டை நசுக்குகிறது. எதிர்க்கையில் உள்ள தடி அந்த வேலையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. செருப்போ ஷூவோ போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக வர வேண்டும். பிடித்து ஊன்றும்போது முழங்கை 20 முதல் 30 டிகிரி மடங்கும். அடியிலுள்ள ரப்பரின் வரிகள் தேய்ந்ததும் மாற்றிவிட வேண்டும். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் வலிக்கும் காலும் முதலில். அடுத்தமுறை மூட்டுவலிக் கட்டுரைக்குப் படம் வரையும்போது தடி எந்தக் கையில் இருக்கிறது என்று ஓவியரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பிசியோதெரபிஸ்டுகள் சிலர்